பெவ் திட்டாத காலை

அமெரிக்காவின் வடகோடியில், ஏரிக்கரையில் இருக்கும் சிஸ்கோ பே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு டானெட் லாஹ்தி நர்ஸ் மேனேஜர் ஆனது, தவறான நேரத்தில் இருமியதால். பழைய மேனேஜர், இந்தக் குளிர் இனி என் எலும்புக்கு ஆகாது என்று அரிசோனாவுக்கு மூட்டை கட்டிவிட்டாள். அந்த இடத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டானெட்டுக்கு அன்று தொண்டைக் கரகரப்பு. இருமினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், பொறுப்பைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். வேய்ன் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"அப்போ இனிமே அக்காவுக்கு நீதான் மேலதிகாரியா?" என்று கேட்டான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் விறகு எடுக்கிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

அக்கா என்று அவன் சொன்னது பெவ் நீமியை. வேய்னுக்கு மூத்தவள், கணவனை இழந்தவள், மூன்றாம் மாடியிலேயே காலம் பூராவும் நர்ஸாக இருப்பவள். டானெட் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு அந்த மாடிக்கு உதவியாளாக வந்தபோது, நோயாளியை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்ததே பெவ்தான். பிறகு டானெட் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு நர்ஸ் படிப்பு படித்தபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதும் பெவ்தான். அப்படிப்பட்டவளுக்கு மேலே உட்காருவதென்றால் நாற்காலி முள்ளாகத்தான் இருக்கும்.

முதல் நாள் காலையில் பெவ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னங்க மேனேஜரம்மா, பாத்ரூம் போயிட்டு வரலாமா, இல்ல கையெழுத்து வாங்கணுமா?" என்றாள்.

"போயிட்டு வாங்க பெவ். ஆனா சீக்கிரம் வாங்க, உங்களைத் திட்டறதுக்கு நேரம் ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றாள் டானெட்.

எல்லோரும் சிரித்தார்கள். பெவ்வும் கொஞ்சம் சிரித்தாள். டானெட்டிடம் இருந்த பெரிய சொத்து இந்த வாய்தான். பேச்சையே செலவு என்று நினைக்கிற ஊரில், அவள் ஒருத்திதான் வாய் ஓயாமல் பேசுவாள். அவள் அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். இந்தப் பெண் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "குறை சொல்றதுக்கில்ல" என்பார்கள். கோடரி காலில் இறங்கியவனும் அதையேதான் சொல்வான், வீடு எரிந்தவனும் அதையேதான் சொல்வான். பின்லாந்திலிருந்து செம்புச் சுரங்கத்துக்குக் கூலி வேலைக்கு வந்த பாட்டன்மார்களோடு இந்தக் குணமும் கப்பலேறி வந்தது. தலைமுறை தலைமுறையாகியும் அது கரையிறங்கிப் போகிற வழியைக் காணோம். இதில் ஆபத்து என்னவென்றால், படுக்கையில் இருக்கிறவரும் இதே மண், பக்கத்தில் நிற்கிற நர்ஸும் இதே மண். அவர் சொல்ல மாட்டார், இவள் துருவிக் கேட்க மாட்டாள். டாக்டரைக் கூப்பிடலாமா என்று தோன்றினாலும், பாவம், சாப்பிடுகிற நேரத்தில் அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிடுவாள். வேறு ஊர் நர்ஸுகள் வேறு தப்பு செய்யலாம். இது எங்களுக்கே உரிய தப்பு.

டானெட் மேனேஜரான முதல் குளிர்காலத்தில் அந்தத் தப்பு ஓர் உயிரைக் கேட்டது. ஆர்வோ பெல்டோலா என்ற பழைய மீன்படகுக்காரர் நெஞ்சுச் சளியோடு வந்து படுத்திருந்தார். பெவ்தான் அவருக்கு நர்ஸ். காலையிலிருந்து எப்படி இருக்கிறீர்கள் என்று பலமுறை கேட்டாள்; குறை சொல்றதுக்கில்ல என்று பலமுறை சொன்னார். மாலையில் அவர் பதில் சொல்வதை நிறுத்திய பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள். டுலூத் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே அவர் போய்விட்டார்.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவர் மனைவி அடுத்த வாரம் மாடிக்கு வந்து, எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று ஒரு பெட்டி நிறையப் புகைபோட்ட மீனை வைத்துவிட்டுப் போனாள். டானெட்டால் அந்த மீனில் ஒரு துண்டுகூடச் சாப்பிட முடியவில்லை. பெவ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்கு வந்தாள், வழக்கம்போல எல்லோரையும் திட்டினாள்.

அந்தக் கோடையில் தலைமை நர்ஸ் கோரின் வாலஸ் டானெட்டைக் கீழே தன் அறைக்குக் கூப்பிட்டாள். கோரின் மில்வாக்கி என்ற பெரிய நகரத்திலிருந்து வந்தவள். கெட்டவள் இல்லை, ஆனால் விஷயத்துக்கு நேராக வந்துவிடுவாள்.

"டானெட், உங்க மாடியில ஆளுங்க நோய் முத்தின பிறகுதான் டாக்டர் கண்ணுல படறாங்க. ஆர்வோ ஒருத்தர் மட்டும் இல்ல. இப்படியே போனா அந்த நாலு படுக்கையையும் மூடிடலாம்னு ஆஸ்பத்திரி நிர்வாக போர்டு நினைக்குது."

நாலு படுக்கை என்றால், ஜன்னலோரம் கண்காணிப்புக் கருவியோடு இருக்கும் நாலு படுக்கைகள். நோய் கொஞ்சம் கனமாக இருப்பவர்களை அங்கேதான் வைப்பார்கள்.

"மூடிட்டு அவங்களை எங்க அனுப்புவீங்க?"

"டுலூத்துக்கு."

"ஜனவரியில டுலூத்தா? கோரின், ஜனவரியில ரோடு எங்க இருக்குன்னு என் வீட்டுக்காரருக்கே தெரியாது. அவர்தான் அதைத் தோண்டி எடுக்கிறவர்."

"எனக்கும் புரியுது. அடுத்த வசந்தம் வரைக்கும் டைம் வாங்கித் தரேன். உங்க ஆளுங்க மாறணும். கம்ப்யூட்டர் பாடம் ஒண்ணு இருக்கு, எல்லாரும் அதை முடிச்சா..."

கம்ப்யூட்டர் பாடம் எப்படி முடிக்கப்படுகிறது என்று டானெட்டுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கையில் இறைச்சி அடைத்த பேஸ்டி, மறு கையில் மவுஸ், கண் ஜன்னலுக்கு வெளியே. அவள் யோசித்துக்கொண்டே படியேறினாள். நாலு படுக்கை போனால், ஆர்வோ போன வழியில்தான் இனி ஊரே போகவேண்டி வரும். அவளுடைய அம்மா, வேய்ன், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும். அதை நினைத்தால் அவளுக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் அது.

ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து ஷிப்ட் மாறும் வேளையில் மூன்றாம் மாடிக் காலிப் படுக்கை ஒன்றில் டானெட் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். கூட்டம் சேர்ப்பதற்கு வீட்டிலிருந்து நிசு சுட்டுக்கொண்டு வந்தாள். நிசு என்பது ஏலக்காய் போட்டுப் பின்னல்போல முறுக்கிச் சுடும் இனிப்பு ரொட்டி. அதன் வாசனைக்கு எங்கள் ஊரில் பிணமும் எழுந்து உட்காரும். நர்ஸுகள் வந்தார்கள், உதவியாளர்கள் வந்தார்கள், சாப்பாட்டுத் தட்டு கொண்டுவருபவர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, டானெட் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிழவனாக மாறிவிடுவாள்.

"சொல்லு ஷெல்பி. என்னைக் கேளு."

ஷெல்பி அந்த வருஷம்தான் படிப்பை முடித்து வந்த நர்ஸ். சத்தமாகத் தும்மக்கூடக் கூச்சப்படுகிறவள்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர்...?"

"குறை சொல்றதுக்கில்ல" என்று டானெட் கரகரத்த குரலில் சொல்ல, எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அந்தக் குரலில் ஒவ்வொருவருக்கும் தங்கள் அப்பாவோ மாமனாரோ தெரிந்தார்கள்.

"பார்த்தியா, இந்தக் கேள்வியைக் கேட்டா இந்தப் பதில்தான் வரும். வேற கேளு. இந்த நிமிஷம் எழுந்து சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு அடுக்குவீங்களான்னு கேளு. காபி ஏன் குடிக்கலைன்னு கேளு. நம்ம ஊர் ஆம்பளை பொய் சொல்லுவான், ஆனா காபியை ஆற விட மாட்டான். அவங்க வழக்கமா செய்யறது எதை இன்னைக்குச் செய்யலை, அதைப் பாருங்க."

அது பாடத்தில் பாதி. மறுபாதிதான் கஷ்டம். சந்தேகம் வந்தால் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் டாக்டர், மூச்சுக் கருவி பார்ப்பவர், அவசரப் பிரிவு நர்ஸ் மூவரும் ஓடி வருவார்கள். அழுத்திவிட்டுப் போனில் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "எனக்கு பயமா இருக்கு." டானெட் அதை ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்தாள். காரணத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பயம்தான் முதலில் என்றாள். அம்மாடி, எங்கள் ஆட்களுக்கு அது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. கரடி வேட்டைக்குப் போகிற பெண்கள் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாமல் முகம் சிவந்து நின்றார்கள்.

பெவ் கதவு நிலையில் சாய்ந்து நின்று நிசுவை மட்டும் சாப்பிட்டாள்.

"பெவ், உங்க முறை" என்றாள் டானெட்.

"என் புருஷன் பிணமா கிடந்தப்பவே நான் யார்கிட்டயும் பயமா இருக்குன்னு சொன்னதில்ல. உன் ரொட்டிக்காகச் சொல்லணுமா?" என்றாள் பெவ். "ரொட்டியில ஏலக்காய் குறைச்சல்."

சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னாலேயே பழைய நர்ஸுகள் இரண்டு பேர் போனார்கள். டானெட் அன்று வீட்டுக்குப் போய் வேய்னிடம் புலம்பித் தீர்த்தாள். வேய்ன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அக்கா சின்ன வயசுல ஏரியில ஐஸ் உடைஞ்சு உள்ள விழுந்துட்டா. தானே ஏறி வந்து, ஈரத்துணியோட இஸ்கூலுக்குப் போனா" என்றான்.  

இலையுதிர் காலத்தில் முதல் அழைப்பு வந்தது. ஷெல்பிதான் அழைத்தாள். அவள் கவனித்த கிழவரின் கருவியில் இதயத்துடிப்புக் கோடு நேராகப் போய்விட்டது, கிழவர் கண்ணை மூடியிருந்தார். ஷெல்பி பொத்தானை அழுத்திவிட்டு, "எனக்கு பயமா இருக்கு" என்று கத்தினாள். டாக்டர் மென்சா படிகளில் தாவி ஓடிவந்தார். கானாவில் பிறந்தவர், எங்கள் பனியில் சறுக்கி விழாமல் நடக்க அப்போதுதான் கற்றிருந்தார். வந்து பார்த்தால், கிழவர் திரும்பிப் படுத்ததில் கம்பி கழன்றிருக்கிறது. அவர் கண் விழித்து, "என்ன, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

மாடியே சிரித்தது. ஷெல்பி முகத்தைக் கையில் பொத்திக்கொண்டாள். பெவ் அவளைக் கடந்து போகும்போது, "நல்ல வேளை, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலை" என்றாள்.

டானெட் எல்லோருக்கும் முன்னால் நிசுவை எடுத்து, நடுவில் கனமாக ஒரு துண்டை வெட்டி ஷெல்பியிடம் நீட்டினாள். "பொய் அழைப்புக்குத்தான் பெரிய துண்டு. நிஜ அழைப்புக்கு யாருக்கும் ரொட்டி சாப்பிட நேரம் இருக்காது."

"அப்போ ஓடி வந்தவனுக்கு?" என்றார் டாக்டர் மென்சா மூச்சு வாங்கிக்கொண்டே. ஷெல்பியின் துண்டில் பாதி அவருக்குப் போனது. "எங்க ஊர்ல ஒருத்தருக்குத் தலைவலின்னா தெருவே கூடி அழும். இங்க நெஞ்சுவலியோட வர்றவன் எனக்குக் கதவைத் திறந்து விடறான். நீங்க பத்து தடவை சும்மா கூப்பிடுங்க. நான் வரேன். உடம்புக்கும் நல்லது."

அவர் விளையாட்டாகச் சொன்னதை ஆட்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலம் இறங்குவதற்குள் அழைப்புகள் பெருகின. சில பொய், பல மெய். ஒரு பேருந்து ஓட்டுநரின் ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்றைச் சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த பெண் கண்டுபிடித்தாள். காபி அப்படியே இருக்கிறதே என்று நின்று கேட்டாளாம். கோரினுக்கு மட்டும் திருப்தி இல்லை. போன வருஷம் கூப்பிடவே இல்லை, இந்த வருஷம் ஓயாமல் கூப்பிடுகிறார்கள் என்று போர்டில் முணுமுணுக்கிறார்கள் என்றாள். பழைய நர்ஸுகளோ இன்னும் பெவ்வின் முகத்தைப் பார்த்துத்தான் நடந்தார்கள். பெவ் ஒருமுறைகூடப் பொத்தானைத் தொடவில்லை.

மார்ச் பிறந்தது. ஏரியில் ஐஸ் விரிசல் விடும் சத்தம் ஊருக்குள் கேட்க ஆரம்பித்த நேரம், பெவ் மருந்து அறையில் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பித்தப்பையில் கல். எத்தனை வாரமாக வலிக்கிறது என்று கேட்டதற்கு, கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து என்றாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று டானெட் கத்தினாள்.

"யார்கிட்ட சொல்றது? ஆஸ்பத்திரிக்கா போகணும்?" என்றாள் பெவ்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வயதை உத்தேசித்து ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஜன்னலோர நாலு படுக்கைகளில் ஒன்றில் அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தன் மாடியிலேயே படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் அவள் வேலை வாங்கினாள். தலையணை உறை சுருக்கமாக இருக்கிறது, இந்தத் திரையைத் துவைத்து எத்தனை காலம் ஆயிற்று, யார் இந்த ஊசியைக் குத்தியது, மரங்கொத்தியா? அன்று மாலை அவள் அறைக்குள் போய்விட்டு வந்த ஒவ்வொருவரும் வாசலில் நின்று மூச்சு விட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் அவளுக்கு நர்ஸாக வந்தது ஷெல்பி. அதே நேரத்தில் டானெட் கீழே கோரினின் அறையில், போர்டிலிருந்து வந்த இரண்டு பேருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலு படுக்கைக்கு அன்றுதான் முடிவு.

"உங்க முயற்சியை மதிக்கிறோம்" என்று அவர்களில் ஒருவர் ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்தால் எப்படி முடியும் என்று டானெட்டுக்குத் தெரியாதா என்ன! "ஆனா ரொட்டி கொடுத்து, நாடகம் போட்டு... இதனால ஆளுங்க நிஜமாவே கத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்? நெருக்கடி வந்தா பழையபடிதான் நடப்பாங்க. அனுபவசாலிங்க யாரும் உங்க பேச்சைக் கேக்கலைன்னு கேள்விப்பட்டோம்."

 சொன்னதில் பொய் இல்லை. டானெட் வாயைத் திறப்பதற்குள் கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. அவசரக் குழு, மூன்றாம் மாடி, ஜன்னலோரம் இரண்டாவது படுக்கை.

பெவ்வின் படுக்கை.

டானெட் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள். பின்னால் கோரின் வருவது காதில் விழுந்தது. படியேறும்போது அவள் மனதில் ஓடியதெல்லாம் ஆர்வோவின் மனைவி வைத்துவிட்டுப் போன அந்த மீன்பெட்டிதான். கடவுளே, பெவ் வேண்டாம், பெவ் மட்டும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நடந்தது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஷெல்பி காலையில் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று பழக்க தோஷத்தில் கேட்டிருக்கிறாள். குறை சொல்றதுக்கில்ல என்று பெவ் சொல்லியிருக்கிறாள். ரத்த அழுத்தம் பார்த்தால் சுமார், நாடி கொஞ்சம் வேகம். அறுவைக்கு மறுநாள் அப்படி இருக்கலாம்தான். ஷெல்பி போர்வையைச் சரிசெய்யும்போது கைதவறி, தண்ணீர்க் குவளையைப் பெவ்வின் படுக்கை மேலேயே கவிழ்த்துவிட்டாள். செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். பெவ் கூரையைப் பார்த்தபடி, "பரவாயில்ல கண்ணு" என்றாள்.

கண்ணாம்! பெவ் நீமி வாயில் கண்ணு! ஷெல்பி சட்டென்று குனிந்தாள். பெவ்வின் கையைத் தொட்டாள், ஈரத்துணிபோல் குளிர்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"வேண்டாம்டி" என்று பெவ் முனகியிருக்கிறாள். "டாக்டருக்கு வேற வேலை இருக்கும். போர்டு ஆளுங்க வேற வந்திருக்காங்க. டானெட்டோட மானத்தை வாங்காதே."

ஷெல்பி போனை எடுத்து, மாடியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மூணாம் மாடி, நான் ஷெல்பி. எனக்கு பயமா இருக்கு. பெவ் என்னைத் திட்ட மாட்டேங்கறாங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. காரணம் கேட்கவில்லை. மாடியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. பெவ்வின் பின்னாலேயே அன்று வகுப்பை விட்டுப் போன பழைய நர்ஸுகள் இருவரும்தான் முதலில் ஓடிவந்தவர்கள்.

டானெட் உள்ளே நுழைந்தபோது ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தி பெரிய ஊசியாக ஏற்றிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி ரத்தத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டிருந்தாள். டாக்டர் மென்சா வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தபடி, "உள்ள ரத்தம் கசியுது. அறுவை அறைக்குச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டோம் என்று பதில் வந்தது. டானெட் பழக்கத்தில் படுக்கையருகே கையை நீட்டிக்கொண்டு போனாள்.

"டானெட், கொஞ்சம் வழியை விடுங்க" என்றாள் ஷெல்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தச் சின்னப் பெண்ணா பேசியது! டானெட் சுவரோரம் போய் நின்றாள். அவளுக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் மிச்சம் இல்லை. ஒவ்வொரு கையும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பயம் கொஞ்சமும் விடவில்லை, அதே நேரம் அவளுக்குள்ளிருந்து ஒரு பெருமிதம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒரே நெஞ்சில் இரண்டும் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், இருந்தது. கோரின் பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கட்டில் அவர்களைக் கடந்து உருண்டு போனது.

முதல் அறுவையில் ஒரு ரத்தக்குழாயை அடைக்கப் போட்ட கவ்வி நழுவியிருந்தது. அதைக் கட்டி முடித்து வெளியே வந்த அறுவை சிகிச்சை டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான் திறந்து பார்க்க எதுவும் இருந்திருக்காது என்றார். வேய்ன் பனி லாரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தான். கேட்டுவிட்டு டானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அழுதான்.

இரண்டு நாள் கழித்துப் பெவ்வுக்கு முகத்தில் நிறம் திரும்பியது. டானெட் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆர்வோ அன்னைக்குக் காபியைத் தொடலை" என்றாள் பெவ் திடீரென்று. "நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கப்பை எடுத்துட்டுப் போனேன். உன் வகுப்புல நின்னு அதைக் கத்துக்கிட்டா, அவரை நான் காப்பாத்தியிருக்கலாம்னு ஒத்துக்கணும். அதான் நிக்கலை."

டானெட்டின் கை நின்றது. இவ்வளவு நாளாக அவள் பெவ்வின் திமிர் என்று நினைத்திருந்தது என்னவென்று இப்போது புரிந்தது. அவளுக்குத் தாங்கவில்லை. பெவ்வின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுடி. தையல்ல சாயாதே" என்றாள் பெவ். இருவரும் சிரித்து, சிரித்ததில் பெவ்வுக்கு இன்னும் வலித்தது. அதையும் அவள் சொன்னாள்.

நாலு படுக்கையும் இருக்கட்டும் என்று போர்டு முடிவு செய்ததாகக் கோரின் வந்து சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதோடு, இந்தப் பாடத்தை ஆஸ்பத்திரி முழுவதற்கும் நடத்த வேண்டும், வேலை நேரத்திலேயே நடத்திக்கொள்ளலாம், முதலில் அவசரப் பிரிவு, கொஞ்சம் முரட்டு ஆட்கள், அவர்களுக்கு யார் சொன்னாலும் ஏறாது, டானெட்டே வருவாளா என்று கேட்டாள்.

"நான் வரலை" என்றாள் டானெட். "அவங்களுக்குச் சரியான ஆள் வெச்சிருக்கேன்."

மே மாதம், அவசரப் பிரிவின் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. டாக்டர்களும் இருந்தார்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுபவர்களும் இருந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டு, சீக்கிரம் முடித்தால் போதும் என்கிற முகத்தோடு. டானெட் கடைசி வரிசையில் ஷெல்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெவ் முன்னால் வந்து நின்றாள். உடம்பு இளைத்திருந்தது, குரல் இளைக்கவில்லை.

"அங்க ரெண்டு பேர், போனை உள்ள வைங்க. சுவத்துல சாஞ்சு நிக்கிறவரே, சுவர் உங்க அப்பன் கட்டினதா? நேரா நில்லுங்க." அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. "என்னைப் பார்த்து யாருக்கெல்லாம் பயம், கையைத் தூக்குங்க."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கை எழுந்தது, அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் அறை முழுக்கக் கைகள். டாக்டர்களும் தூக்கினார்கள். பின்வரிசையில் ஷெல்பியின் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது.

பெவ் நிதானமாக ஒவ்வொரு கையையும் பார்த்தாள்.

"நல்லது. எங்க மாடியிலயும் எல்லாரும் இப்படித்தான் பயந்துக்கிட்டு இருந்தாங்க. பயந்துக்கிட்டே அதை வாய்விட்டுச் சொல்லிட்டாங்க. அதனாலதான் நான் இன்னைக்கு உசிரோட நின்னு உங்களைத் திட்டிக்கிட்டிருக்கேன். இப்ப கையை இறக்கிட்டு, ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க பார்ப்போம்."